இறந்தகாலம் பதினோராம் பாடத்தில் வருகிறது

தொம்மை கொரைரா ஆப்பிரிக்கக் கரையில் பெய்ரா என்ற துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்து, பிணத்தை வைத்திருக்க வசதியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டு, அடக்கம் செய்த மண்மேட்டின் படம் கம்பெனிக் கடிதத்தோடு புன்னைப்பாட்டுக்கு வந்து, பங்குக் கோயிலில் வெறும் பெட்டியை வைத்துப் பூசையும் முடித்த நாற்பத்தோராம் நாள், ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு, தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவன் மனைவி பிரகாசி அப்போது தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பாவாடைகளுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள், மிதியை நிறுத்தினாள், ஊசியைத் துணியிலிருந்து தூக்கினாள், பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கப்பலில் போசனாக, மாலுமிகளுக்கு மேஸ்திரியாக, வேலை பார்த்தபோது போட்ட அதே நீலச் சட்டைதான் போட்டிருந்தான், கால்சட்டை விளிம்பில் மட்டும் நம் பக்கத்து மணலாக இல்லாமல் கறுப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் அவளைப் பார்த்து நிதானமாக ஏழெட்டு வாக்கியம் பேசினான். ஒன்றுகூட அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு லெத்தீசியா சத்தம் கேட்டு எட்டிப்பார்த்து, "ஆளு மெலிஞ்சிருக்காவ, டீ போடட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டுக்கொண்டு வந்தாள். தொம்மை டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை, நாலே முக்காலுக்கு அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஐஸ் பிளாண்ட் மூலை திரும்பும் வரை எல்லோரும் பார்க்க நடந்து போனான், மூலைக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. மறுநாளும் நாலு மணிக்கு வந்தான்.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது, இரண்டாம் வாரம் வேலையில்லாதவர்கள் வந்தார்கள், மூன்றாம் வாரத்திலிருந்து நாலு மணி வண்டி வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி தொம்மை வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பங்குச் சாமியார் ஆயரகத்துக்கு எழுதிக் கேட்டு, திருச்சபைக்கு ஆட்சேபம் இல்லை, மேளமும் நோட்டீசும் மட்டும் வேண்டாம் என்று பிரசங்கத்தில் சொன்னார். ரேஷன் கார்டில் பேரை மறுபடி சேர்க்க வேண்டுமா என்று கேட்கப் போன லெத்தீசியாவிடம் கிராம நிர்வாக அலுவலர், வந்து போகிறவர்களுக்கு அரிசி கிடையாது, தங்குகிறவர்களுக்குத்தான் என்று விளக்கினார். அவன் ஏன் தமிழ் பேசவில்லை என்பதற்குக் கோயில் உபதேசியார் சொன்ன காரணத்தை ஊர் ஏற்றுக்கொண்டது: யார் எந்த மண்ணில் கிடக்கிறார்களோ, அங்கே பக்கத்தில் கிடக்கிறவர்களோடு பேசித்தானே ஆகவேண்டும், வாயில் அந்த மண்தானே இருக்கிறது.

ஆனால் என்ன பேசுகிறான் என்பதில் மட்டும் ஊர் இரண்டுபட்டது. அவன் பேச்சில் ஜனேலா என்று ஒரு சொல் வந்தது, மேசா என்று ஒரு சொல் வந்தது, ஷாவே என்று ஒரு சொல் வந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்கிறான் என்று ஒரு கட்சி எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தது, மேசைக்குள் ஏதோ இருக்கிறது என்று இன்னொரு கட்சி தையல் மேசையின் இழுப்பறையைக் கழற்றிப் பார்த்தது, சாவி கேட்கிறான் என்று தம்பி இஞ்ஞாசி வீட்டிலிருந்த பதினேழு சாவிகளையும் கொண்டுவந்து அண்ணன் முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டினான். தொம்மை ஒவ்வொன்றையும் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான். ஊரில் பாதிப் பேருக்கு கொரைரா, மச்சாடோ, கல்தேரா என்று பேர் இருந்தும், அந்தப் பேர்கள் வந்த மொழி இதுதான் என்று சொல்ல, முப்பது வருஷம் கப்பல்களில் சமைத்த ஒரு பண்டாரியை ஊருக்குள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "போர்ச்சுகீஸ்தான்," என்றார் அவர். "எனக்கு அதுல வைய மட்டுந்தான் தெரியும். இவன் வையல."

பிரகாசி அதைக் கேட்டு நிம்மதியடையவில்லை. வைவதற்கு அவனுக்குக் காரணம் இருந்தது, அது அவளுக்கு மட்டும் தெரியும். இதுதான் கடைசிக் கப்பல் என்று அவன் சத்தியம் பண்ணிவிட்டு வந்து எட்டு மாதத்தில் அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டபோது, போங்க, இனி நான் பேச மாட்டேன் என்று அவள் சொன்னாள், சொன்னபடியே ஐந்து மாதம் ஃபோனை எடுக்கவில்லை. அவன் இறந்த அன்று தெரியாத நம்பரிலிருந்து மூன்று முறை ஃபோன் அடித்தது. அது அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்தது, அடித்து ஓயட்டும் என்று வெட்டி வைத்த பாவாடைத் துணிகளை அதன்மேல் தூக்கிப் போட்டாள்.

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை பிடித்து, போர்ச்சுகலுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் இசக்கிதேவி. கோவாவில் படித்த இருபத்தேழு வயதுப் பெண். லெத்தீசியா ஃபோனில் பதிந்து அனுப்பிய தொம்மையின் பேச்சைக் கேட்டுவிட்டு, நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பஸ் ஏறி வந்தாள். அவன் பேசி முடிக்கும் வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள், இடையில் ஒன்றிரண்டு கேள்வியும் கேட்டாள், அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்து யோசித்துப் பதில் சொன்னான். அவன் போன பிறகு வாசலில் நின்ற கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது.

"அவுக பேர் தொம்மைங்காக. இந்தியாவுல இருந்து வந்திருக்கேன், மாலுமி, கல்யாணம் ஆயிட்டுங்காக. மேசை பெரிசா இருக்கு, ஜன்னல் திறந்திருக்கு, சாவி மேசை மேல இருக்கு. அவ்வளவுதான்."

"எந்த மேசை?" என்றான் இஞ்ஞாசி.

"எந்த மேசையும் இல்ல அண்ணாச்சி. பாடத்துல வர்ற மேசை." அவள் பிரகாசி பக்கம் திரும்பினாள். "அக்கா, அவுகளுக்கும் இந்த மொழி தெரியாது. இப்பத்தான் படிக்காக. ரெண்டாம் பாடத்துல இருக்காக."

அப்படித்தான் விஷயம் விளங்கியது. பெய்ராவில் புதைந்து கிடக்கிற தொம்மை, அங்கே மற்றவர்களோடு பேச வேண்டி, முதல் பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான், அன்றன்றைக்குப் படித்ததை மட்டுமே அவனால் சொல்ல முடிந்தது, இங்கே நாலு மணி என்றால் அங்கே பன்னிரண்டரை, மத்தியான இடைவேளையில்தான் அவன் வீட்டுக்கு வந்து போனான். இனி அவன் எண்கள் படித்து, கிழமைகள் படித்து, நிறங்களும் பழங்களும் உறவுமுறைகளும் படித்து, அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொல்ல முடியும்.

"நடந்ததைச் சொல்றது எப்ப வரும்?" என்று பிரகாசி கேட்டாள்.

இசக்கிதேவி பையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். "இறந்தகாலம் பதினோராம் பாடம் அக்கா. எல்லாப் புத்தகத்துலயும் ஏறக்குறைய அதே இடந்தான்."

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பிரகாசி காலை ஏழு மணி பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய், மருந்துக்கடை மாடியில் இருபது இருபத்திரண்டு வயது நர்ஸ்களுக்கு நடுவில் நாற்பத்தாறு வயதில் உட்கார்ந்து, மத்தியானப் பஸ்ஸில் திரும்பி நாலு மணிக்குள் வீடு சேர்ந்தாள். ஊர் கேட்டதற்காக இசக்கிதேவி சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்திலும் வகுப்பு எடுத்தாள். முதல் சனிக்கிழமை முப்பத்திரண்டு பேர் வந்தார்கள், வினைச்சொல் ஆளுக்கு ஆறு முகம் காட்டத் தொடங்கியதும் பதினொரு பேர் ஆனார்கள், கடைசியில் லெத்தீசியாவும் பண்டாரியும் உபதேசியாரும் மிஞ்சினார்கள். ஆனாலும் ஐஸ் பிளாண்டில் ஐஸ்கட்டி எண்ணுகிறவர்கள் ஒன்று இரண்டை அந்த மொழியில் எண்ணினார்கள், கடைத்தெருவில் சாயந்திர வணக்கம் போவா தார்த் ஆயிற்று, அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் இசக்கிதேவி பலகையில் இரண்டு வினைச்சொற்களை எழுதி, தமிழில் 'இரு' என்று ஒன்றைச் சொல்கிற இடத்தில் இவர்களுக்கு இரண்டு உண்டு என்றாள். பேர், ஊர், பார்க்கிற தொழில் இதற்கெல்லாம் ஒரு 'இரு', அது நிலைத்தது. பசி, காய்ச்சல், ஈரம், கோபம் இதற்கெல்லாம் இன்னொரு 'இரு', அது வந்து போவது.

"செத்துப்போயிருந்தா?" என்று பிரகாசி கேட்டாள்.

"அதுக்கு ரெண்டாவது, அக்கா."

"வந்து போறதா?"

"ஏன்னு தெரியாது. அப்படித்தான் சொல்றாங்க."

பிரகாசி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆறாம் பாடத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. அதுவரை தொம்மை அவளை அம்மணி என்று அந்நியரை அழைப்பதுபோல் அழைத்துக்கொண்டிருந்தான், அது மட்டுமே அவன் படித்திருந்தான். ஆறாம் பாடம் முடிந்த அன்று 'நீ' என்று கூப்பிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் அங்கே ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும் என்று இசக்கிதேவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் 'நீங்க' என்று மட்டுமே சொல்லிய வாய்க்கு அது எளிதில் வரவில்லை. பிரகாசி அந்தச் சொல் வராத வாக்கியமாகவே பார்த்துப் பேசி வந்தாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து நர்ஸ்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவள் இசக்கிதேவியிடம், "ஃபோன் அடிச்சேன், நீ எடுக்கலன்னு எப்படிச் சொல்லுவாங்க, டீச்சர்? அது மட்டும் முன்னாலயே வேணும்," என்றாள். இசக்கிதேவி காரணம் கேட்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி, மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் போட்டுக் கொடுத்தாள். பிரகாசி அதைத் தையல் மெஷின் மேல் ஒட்டி, அந்த வாக்கியம் எப்போது வந்தாலும் காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் படித்தாள். மற்ற எல்லாரும் பேசுவதற்காகப் படித்தார்கள், அவள் அந்த ஒன்றைக் கேட்பதற்காகப் படித்தாள்.

தொம்மை ஒன்பதாம் பாடத்தில் காய்கறிகளைச் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் இஞ்ஞாசி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். ஆறு மாதம் அலைந்து, அண்ணனின் உடலைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தான், மனைவியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"மைனி, நம்ம கல்லறைத் தோட்டத்துல கொண்டாந்து வச்சா மறுநாளே அண்ணன் தமிழ் பேசிருவாவ. நீங்க எதுக்கு இந்த வயசுல பஸ்ஸு பஸ்ஸா ஏறிப் படிக்கிய?"

"பதினோராம் பாடம் வரட்டும்," என்றாள் பிரகாசி.

"இங்க வந்தா பாடமே வேண்டாம்லா."

"வரட்டும்."

ஊரும் இஞ்ஞாசி பக்கம்தான் இருந்தது. அவள் பயந்தது யாருக்கும் தெரியாது. தமிழ் வந்துவிட்டால் அவன் சரளமாகச் சொல்லுவான், சரளமாகச் சொன்னால் அவளால் தாங்க முடியாது. தப்பும் தவறுமாக, சொல் சொல்லாக வருவதென்றால் ஒருவேளை தாங்கலாம்.

பதினோராம் பாடம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று இசக்கிதேவியும் அவளோடு பஸ்ஸில் வந்து, வீட்டுக்குள் வராமல் லெத்தீசியா வாசலில் உட்கார்ந்துகொண்டாள். தொம்மை வந்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், நேற்று மழை பெய்தது என்றான், நேற்று நான் மூன்று ஆரஞ்சு வாங்கினேன் என்றான், அவையெல்லாம் பயிற்சி வாக்கியங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான்:

"நான் நோயாக இருந்தேன். நான் மூன்று முறை ஃபோன் செய்தேன். நீ எடுக்கவில்லை."

தாளில் இருந்த மாதிரியேதான் இருந்தது. பிரகாசி மடியிலிருந்த துணியை மேசைமேல் வைத்தாள்.

"நான் கேட்டேன்," என்றாள். "நான் பார்த்தேன். நீ என்று தெரிந்தது. நான் எடுக்கவில்லை."

அன்றுதான் முதன்முதலாக அவனை 'நீ' என்றாள். ஒரு வினையின் முடிவைத் தப்பாகச் சொன்னது அவளுக்கே தெரிந்தது, வெளியே கேட்டுக்கொண்டிருந்த இசக்கிதேவிக்கும் தெரிந்தது, யாரும் திருத்தவில்லை. மன்னிப்புக் கேட்கும் சொல் ஐந்தாம் பாடத்திலேயே வந்துவிட்டது, கூட்டத்தில் காலை மிதித்தால் சொல்கிற சொல், அதைச் சொல்ல வாயெடுத்தவளை அவன் கையைத் தூக்கி நிறுத்தினான், அவனுக்கு இன்னும் வாக்கியம் முடியவில்லை.

"நர்ஸ் ஃபோனைப் பிடித்தாள். என் காதில் வைத்தாள். நான் பாட்டைக் கேட்டேன்."

"எந்தப் பாட்டு?"

அதற்கு அவனிடம் சொல் இல்லை. வாயை மூடிக்கொண்டு முனகினான். இரண்டு அடி முனகியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோயில் திருவிழாவின்போது ஃபோன் கடைக்காரர் அவள் நம்பருக்கு ஒரு மாதா பாட்டை வைத்துக் கொடுத்திருந்தார், கூப்பிடுகிறவர்களுக்கு மணிக்குப் பதில் அந்தப் பாட்டுக் கேட்கும், வைத்திருக்கிற அவள் மட்டும் அதைக் கேட்டதே இல்லை.

"மூன்று முறை கேட்டேன்," என்றான் தொம்மை. "முழுதும் கேட்டேன். எனக்குப் பிடித்தது."

நாலே முக்காலுக்கு எழுந்து போனான். பிரகாசி லெத்தீசியா வீட்டுக்குப் போய் அவள் ஃபோனை வாங்கித் தன் நம்பரைப் போட்டு, காதில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரை சுவரைப் பார்த்து நின்றாள். முடிந்ததும் இன்னும் இரண்டு முறை போட்டாள். லெத்தீசியா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

அதன்பிறகு இஞ்ஞாசி காகிதத்தோடு மறுபடி வந்தான். பதினோராம் பாடம் ஆயிற்றே என்றான். அவள், அவரிடம் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட முடியும் என்று சொல்லி, பங்குச் சாமியாரையும் வரச் சொல்லி, நாலு மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் தொம்மையிடம் அந்த மொழியில் கேட்டாள், அவன் பதிலை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள், இசக்கிதேவி சரிதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இங்கே வர விருப்பமா என்பது கேள்வி. தொம்மை முதலில் அங்கே பக்கத்தில் கிடக்கிறவர்களைச் சொன்னான். தனக்கு இடது பக்கம் ரயில் ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்றான், வலது பக்கம் மீன் விற்ற அம்மா ஒருத்தி, அவள்தான் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறாள், குரல் பெரியது, கையில் எப்போதும் ஒரு குச்சி. பிறகு சொன்னான்: "தமிழில் நான் நிறையப் பேசினேன். தமிழில் நான் சத்தியம் செய்தேன். பொய் சொன்னேன். இந்த மொழியில் எனக்கு இன்னும் பொய் சொல்லத் தெரியாது. நான் அங்கே இருக்கிறேன். இங்கே வந்து போகிறேன்."

பிரகாசி ஒரு சொல் விடாமல் அதைத் தமிழில் சொன்னாள். பொய் என்ற சொல்லையும் விடவில்லை. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இஞ்ஞாசி, "எனக்கு இங்க கல்லறைன்னு ஒண்ணு வேண்டாமா மைனி, நான் எங்க போய் மெழுகுதிரி ஏத்துவேன்?" என்று கேட்டான்.  காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனவன் இரண்டு மாதம் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் கடைசிப் பெஞ்சில் புது நோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

மழைக்காலம் வந்து போயிற்று. அங்கே பாடங்களும் நகர்ந்தன, இங்கே பாடங்களும் நகர்ந்தன, சில வாரம் பிரகாசி முந்தினாள், சில வாரம் அவன் முந்தினான். அன்றாடம் என்ன நடந்தது என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில், கப்பலில் இருந்த மாதங்களையும் கோபத்தில் இருந்த மாதங்களையும் கழித்துவிட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவு பேசியதில்லை. கட்டளையிடும் வினை படித்த வாரம் இருவரும் மாறி மாறி உட்கார், எழு, ஜன்னலைச் சாத்து என்று சொல்லிப் பார்த்தார்கள், தொம்மை எழுந்து போய் உண்மையிலேயே ஜன்னலைச் சாத்தினான்.

இருபதாம் பாடம் முடிந்தபோது அவன் ஒரு செய்தி சொன்னான். புத்தகத்தில் முப்பது பாடங்கள். முப்பதும் முடித்துத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு மத்தியான இடைவேளை கிடையாது, அது படிக்கிறவர்களுக்கு மட்டும்தான், தேறியவர்கள் அங்கேயே மற்றவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள், வெளியே போக வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்காது. பிரகாசி சரி என்றாள். அடுத்த நாள் பஸ்ஸில் தூத்துக்குடி போகும்போது மீதி எத்தனை பாடம், ஒரு பாடத்துக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். வைகாசியில் முடிந்துவிடும் என்று கணக்கு வந்தது. இசக்கிதேவியிடம் சொன்னபோது அவள், "கடைசிப் பாடம் ரொம்பக் கஷ்டம் அக்கா, நடக்காததை 'நடந்திருந்தா'ன்னு சொல்றது, எங்க நர்ஸ்களே தடுமாறுவாங்க," என்று மட்டும் சொன்னாள்.

வைகாசி வந்தது. ஒரு திங்கட்கிழமை தொம்மை தேர்வு எழுதப் போவதாகச் சொன்னான். அன்று அவள் தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. நாலே முக்கால் ஆனதும் அவன் வழக்கம்போல் எழுந்து போனான். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணியிலிருந்து தெருவில் யாரும் சத்தம் போடவில்லை, ஐஸ் பிளாண்டில் மெஷினை நிறுத்தியிருந்தார்கள், இஞ்ஞாசி கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நாலு மணிக்குத் தொம்மை வந்தான். தேறவில்லை என்றான்.

இன்னொரு மாதம் படித்து ஆனியில் எழுதினான், தேறவில்லை. ஆடியில் எழுதினான், அதிலும் தேறவில்லை. மீன் விற்ற அம்மா குச்சியால் தட்டினாளாம், இத்தனை மண்டுவை இந்தக் கல்லறைத் தோட்டம் கண்டதில்லை என்றாளாம். முப்பதாம் பாடத்தின் வாக்கியங்களை ஒரு பிசகில்லாமல் போட்டு அவன் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிரகாசி மெஷினில் கையை வைத்தபடி கேட்டாள்.

"தேர்வு அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டாள்.

தொம்மை டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"இல்லை," என்றான். "சுலபம்தான்."